ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்: நம்ம பக்கத்துல புதுச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிக்கிற வழி

#1 எல்லநள்ளி

வணக்கங்க. இந்த இழை மலையிலேயே குடியிருக்கிறவங்களுக்கு. சுற்றிப் பார்க்க வர்றவங்களுக்கான கடைப் பட்டியல் நிறையக் கிடக்குது, அதுல பாதி ஒரே வருஷத்துல செல்லாக் காசாயிடும். இங்க நிறையக் கடை குத்தகையில ஓடுது. சீசனுக்கு முன்னால கை மாறும், மாஸ்டர் போயிடுவார், போர்டு மட்டும் அப்படியே தொங்கும். அதனால இந்த இழையில கடைப் பேர் போட வேண்டாம். எப்படித் தேடுறது, உள்ள போய் எதைப் பார்க்கிறது, எதைக் கேட்கிறதுன்னு மட்டும் எழுதுங்க.

காலத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏப்ரல், மே மாசத்துல புதுக் கடை தேடாதீங்க. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வந்துச்சு, 2025 சீசன்ல ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு வரம்பும் வெச்சாங்க. அப்படி இருந்தும் சேரிங் கிராஸ்ல மதியம் 1 மணிக்கு எந்தக் கடையும் தன் இயல்புல சமைக்க முடியாது. சாம்பார்ல தண்ணி ஏறும், தோசைக்கல் சூடேறுறதுக்குள்ள அடுத்த மாவு விழும். அந்தச் சாப்பாட்டை வெச்சு ஒரு கடையை எடை போடுறது நியாயமில்லை. செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனுக்கும் இதேதான்.

தேட வேண்டிய காலம் ஜூன் கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும். தென்மேற்கு மழை அடிக்கும்போது, செவ்வாய் புதன் மாதிரி நாள்ல, மதியம் 12.30க்கு எந்தக் கடையில இடம் நிறைஞ்சிருக்குதோ அதைக் குறிச்சு வைங்க. அந்த மழையில வெளியூர் ஆள் இருக்க மாட்டாங்க. அங்க உட்கார்ந்திருக்கிறது எல்லாம் திரும்பத் திரும்ப வர்ற உள்ளூர்க்காரங்க.

#2 அரவேணு

எல்லநள்ளி அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். கடையைத் தேடாதீங்க, வேலை நடக்கிற இடத்தைத் தேடுங்க. தினமும் ஒரே இடத்துல, கைக்காசுல, அரை மணி நேரத்துல சாப்பிட்டு முடிக்க வேண்டியவங்க எங்க இருக்காங்க? கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பஸ் டிப்போ, ஆஸ்பத்திரி, அருவங்காடு தொழிற்சாலை, தேயிலை பாக்டரி, மார்க்கெட். அந்த வாசல்ல நின்னு பத்து நிமிஷ நடையில என்ன இருக்குன்னு பாருங்க. மெயின் ரோட்டைப் பார்த்த கடையை விட்டுட்டு, அதுக்குப் பின்னால இருக்கிற தெருவுல இறங்குங்க, இல்லைன்னா படிக்கட்டு ஏறுங்க. நம்ம ஊர்ல நல்ல மெஸ் பாதி ரோட்டு மட்டத்துலயே இருக்காது. அங்க வாடகை குறைவு, அதனால அரிசியிலயும் எண்ணெயிலயும் கை வைக்க வேண்டிய அவசியம் குறைவு.

வேலை நேரமும் முக்கியம். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம் கேரட் அறுவடை நடக்கும்போது ராத்திரியே பறிச்சு, கழுவி, விடியறதுக்குள்ள மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி இறங்கும். அந்த ஆளுங்களுக்காக அதிகாலையிலயே டீக்கடை அடுப்பு எரியும். அங்க 6 மணிக்குக் கிடைக்கிற சூட்டை டவுன்ல 9 மணிக்கு எதிர்பார்க்காதீங்க. அதே கடைக்கு 11 மணிக்குப் போனா ஆறின பஜ்ஜிதான் இருக்கும். கடை மோசம்னு அர்த்தமில்லை, அதோட நேரம் முடிஞ்சுபோச்சு.

பஸ் டிரைவர், கண்டக்டர்கிட்ட கேளுங்க. டூரிஸ்ட் வண்டி ஓட்டுறவங்க கூட்டிட்டுப் போற கடையில கமிஷன் கலந்திருக்கலாம், ரூட் பஸ் ஆளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. கேள்வியும் சரியா இருக்கணும். "நல்ல கடை எது"ன்னு கேட்டா வெளியூர்க்காரருக்குச் சொல்ற பதில்தான் வரும். "நீங்க இன்னைக்கு மதியம் எங்க சாப்பிட்டீங்க"ன்னு கேளுங்க.

#3 பெட்போர்டு_புதுசு

குன்னூருக்குப் புதுசா குடி வந்திருக்கோம். மேப்ல 4.7, 4.8 இருக்கிற கடைகளுக்குப் போனா சாப்பாடு சுமார்தான். மேப்பை நம்பவே கூடாதா? வீட்ல வயசானவங்க, சின்னப் பிள்ளை இருக்காங்க. வாரம் ஒரு புதுக் கடை போகணும்னு எண்ணம்.

#4 கோடப்பமந்து

நம்பலாம், ஆனா மதிப்பெண்ணைப் பார்க்காதீங்க. மலை ஊர்ல அந்த எண் பெரும்பாலும் ஒரே ஒரு தடவை வந்து போனவங்க போட்டது. அவங்க ஜன்னல் வழியா தெரியுற மலைக்கும் சேர்த்து அஞ்சு நட்சத்திரம் கொடுத்திருப்பாங்க.

நான் சொல்ற மாதிரி செஞ்சு பாருங்க. "ரெஸ்டாரன்ட்"னு தேடாதீங்க. தமிழ்லயே "மெஸ்", "உணவகம்", "டீ ஸ்டால்", "பிரியாணி"ன்னு தனித்தனியா அடிங்க. போர்டுல தமிழ் மட்டும் இருக்கிற கடை அப்பத்தான் மேல வரும். தேடுற இடத்தை ஊர் முழுக்க விரிக்காம, ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பெருசாக்கி, படத்தை நகர்த்தி நகர்த்தித் தேடுங்க. சின்னக் கடைப் புள்ளிகள் பெரிதாக்கினாத்தான் தெரியும்.

அடுத்து, விமர்சனத்தைப் "புதியவை முதலில்"னு வரிசைப்படுத்துங்க. ஜூலை, ஆகஸ்ட், ஜனவரி, பிப்ரவரியில எழுதினதை மட்டும் படிங்க. மே மாசத்துல எழுதினது பாராட்டா இருந்தாலும் திட்டா இருந்தாலும் தள்ளிடுங்க. எழுதினவர் பேரைத் தொட்டா அவர் வேற எங்கெல்லாம் எழுதியிருக்கார்னு தெரியும். குன்னூர் மருந்துக்கடை, ஊட்டி டயர் கடை, வெலிங்டன் பேக்கரின்னு எழுதியிருந்தா அவர் உள்ளூர். அவர் கொடுத்த மூணு நட்சத்திரம், வெளியூர் ஆளோட அஞ்சை விடப் பெறுமதி.

படங்கள்ல, கடைக்காரர் போட்டதை விட்டுட்டு மத்தவங்க போட்டதைத் தேதி பார்த்துத் திறங்க. மூணு விஷயம் கவனிங்க: விலைப் பட்டியல், இலையில இருக்கிற பொரியல், பின்னால உட்கார்ந்திருக்கிற ஆட்கள். பொரியல் ஆறு மாசத்துக்கும் ஒரே முட்டைக்கோஸா இருந்தா சமையலறையில மெனக்கெடல் இல்லை. கேரட், பீன்ஸ், நூக்கோல், முள்ளங்கின்னு மார்க்கெட்டோட மாறிட்டே இருந்தா தினமும் காய் வாங்குறாங்க. காய் விளையுற ஊர்ல இருந்துகிட்டு அதைச் செய்யாத கடைக்கு மன்னிப்பே கிடையாதுங்க.

"இப்போது திறந்துள்ளது"ங்கிறதை நம்பாதீங்க. சின்னக் கடைகள் நேரத்தைத் திருத்தறதே இல்லை. போன் பண்ணி "மதியம் சாப்பாடு எத்தனை மணி வரைக்கும்"னு கேட்டுட்டுக் கிளம்புங்க. பல மெஸ்ல 2.30க்கே சோறு முடிஞ்சிடும்.

#5 மாவும்_மலையும்

இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு இணையாக, உட்கார்ந்த பிறகு எதை வைத்து மதிப்பிடுவது என்பதும் தெரிய வேண்டும். நம் உயரத்தில் சமையலின் கணக்கு வேறு.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். குன்னூர் 1,850 மீட்டர், அங்கே 94 டிகிரி. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கரில் வெயிட் ஏறினால் சமவெளியில் 121 டிகிரி வரும், ஊட்டியில் சுமார் 117.

இதன் விளைவு முதலில் பருப்பில் தெரியும். துவரம்பருப்பை ஊற வைக்காமல் திறந்த அண்டாவில் போட்டால் இரண்டு மணி நேரமானாலும் கரையாது. சாம்பார் வாளியின் அடியில் பருப்பு முழுசாகத் தங்கி, மேலே புளித்தண்ணீர் தனியாக நிற்கும். இதற்கு அவசரக் கடைகள் செய்யும் குறுக்கு வழி சமையல் சோடா. சோடா போட்ட பருப்பு வழுவழுப்பாக இருக்கும், நாக்கில் சோப்புப் போன்ற ஒரு சுவை தங்கும், நிறம் மங்கும். முறையாகச் செய்கிற கடை பருப்பை ஒரு மணி நேரமாவது வெந்நீரில் ஊற வைத்துப் பெரிய குக்கரில் வேக வைக்கும். கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள்: சாம்பார் ஒரே சீராக வழிந்தால் நல்ல கை.

சோறும் அப்படித்தான். வெளியே குழைந்து நடுவில் பொடி அளவுக்கு வெள்ளைப் புள்ளி இருந்தால் அரிசி ஊறவில்லை. விரலால் ஒரு பருக்கையை நசுக்கினாலே தெரியும்.

இட்லி இன்னும் கடினமான சோதனை. சமவெளியில் மாவு 8 முதல் 10 மணி நேரத்தில் பொங்கும். ஊட்டிக் குளிரில், அதுவும் டிசம்பர், ஜனவரி உறைபனியில், 16 முதல் 20 மணி நேரம் ஆகும். நல்ல மாஸ்டர் முந்தின நாள் மதியமே ஆட்டி, அடுப்புத் திட்டுக்கு அருகில் சாக்கு சுற்றி வைப்பார், பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பார். வெந்தயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இதைச் செய்யாதவர் ஈஸ்ட்டோ பழ உப்போ போடுவார். பிய்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இயல்பாகப் பொங்கியதில் சிறிய, சீரான துளைகளும் மெல்லிய புளிப்பும் இருக்கும். பழ உப்புப் போட்டதில் துளைகள் பெரிது பெரிதாக, புளிப்பே இல்லாமல், ஆறியதும் ரப்பர் போல ஆகிவிடும். ஆவியும் 92 டிகிரிதான் என்பதால் வேகும் நேரம் 10 நிமிடத்துக்குப் பதில் 14, 15. முந்தி எடுத்தால் நடுவில் பிசுபிசுப்பு.

தோசையில் குறை வந்தால் பெரும்பாலும் கேஸ்தான் காரணம். குளிர்ந்த காலையில் 19 கிலோ வணிக சிலிண்டரில் இருந்து வாயு மெதுவாக வெளிவரும், சுடர் தாழும், கல் காயாது. தோசை வெளுத்து, ஓரம் வறண்டு, நடுவில் மெத்தென்று வரும். ஜனவரியில் 7.30 மணித் தோசையை வைத்து ஒரு கடையை ஒதுக்கிவிட வேண்டாம். 9 மணிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள்.

#6 பந்தலூர்வாசி

மாவும்_மலையும் சொன்ன விஞ்ஞானம் சரி, ஆனா இட்லியை நீலகிரி முழுக்க அளவுகோலாக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். கூடலூர், பந்தலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். இங்க தண்ணி 96, 97ல கொதிக்குது, ராத்திரிக் குளிரும் அந்த அளவு கிடையாது, மாவு காலையில தானா பொங்கி நிக்கும். இங்க இட்லி நல்லா இருந்தா மாஸ்டருக்குப் பெருமை ஒண்ணுமில்லை. ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு சோதனை வெச்சுக்கோங்க: ஊட்டியில சாம்பார், குன்னூர் கோத்தகிரியில இட்லி, கூடலூர்ல பரோட்டா, பத்திரி (அரிசி மாவு ரொட்டி), புட்டு. இது மலபார் வாசல். வயநாடும் நிலம்பூரும் பக்கத்துல. இங்க வந்து ஊத்தப்பம் கேட்டு ஏமாறாதீங்க.

பரோட்டாவுக்கு இரண்டு கேள்வி போதும். மாவு எப்பப் பிசைஞ்சீங்க, என்ன எண்ணெய்? மைதா உருண்டை எண்ணெயில குறைஞ்சது இரண்டு மணி நேரம் ஊறணும், குளிர்ல மூணு நாலு. ஊறாத மாவை வீசினா கிழியும். கிழியாம இருக்க கட்டையால தேய்ப்பாங்க, அப்ப அடுக்கு வராது, மென்னா பல்லுல இழுக்கும். வனஸ்பதி அதிகமா இருந்தா குளிர்ல ஆறினதும் மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டும். சாயங்காலம் 6.30ல இருந்து 8.30க்குள்ள போங்க. மதிய பரோட்டா பெரும்பாலும் சூடு பண்ணினது.

இன்னொண்ணு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. 1968ல ஆரம்பிச்ச அரசுத் தேயிலைத் தோட்டம் அவங்களுக்காகத்தான். தேங்காய் ரொட்டி, சம்பல் செய்யத் தெரிஞ்ச கை இந்த வட்டாரத்துல இருக்கு. விலைப் பட்டியல்ல எழுதியிருக்க மாட்டாங்க. தோட்டத்து லைன் (தொழிலாளர் குடியிருப்பு) பக்கத்து டீக்கடையில "காலையில ரொட்டி போடுவீங்களா"ன்னு கேட்டுப் பாருங்க.

ஊட்டியில இருந்து இங்க வந்து சாப்பிட்டுட்டு அப்படியே மைசூர் பக்கம் போகலாம்னு நினைக்கிறவங்களுக்கு: பந்திப்பூர் வழி ராத்திரி 9ல இருந்து காலை 6 வரைக்கும் மூடிடுவாங்க. நேரத்தைக் கணக்குப் போட்டு உட்காருங்க.

#7 பெட்போர்டு_புதுசு

எல்லாருக்கும் நன்றிங்க. படுகர் சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்கணும்னு ரொம்ப ஆசை. ஆனா எந்தக் கடைப் போர்டுலயும் காணோம். எங்க, எப்படிக் கேட்கணும்?

#8 பேரட்டி

தங்கச்சி, இது பெரும்பாலும் எங்க வீட்டுச் சாப்பாடு, விசேஷச் சாப்பாடு. அதனாலதான் தினப்படி ஓட்டல்ல குறைவு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) அருகில இருக்கிற சில ஹோம்ஸ்டேயிலயும் சின்ன உணவகங்களிலயும் முன்கூட்டிச் சொன்னா செஞ்சு தருவாங்க. போய் நின்னு உடனே கேட்டா கிடைக்காது, அதுக்குக் காரணம் அவரைதான்.

அவரை உதக்கன்னா காய்ஞ்ச அவரைக்கொட்டை, உருளைக்கிழங்கு போட்ட கெட்டிக் குழம்பு. நாலு பேருக்கு 250 கிராம் கொட்டை வேணும், 10, 12 மணி நேரம் ஊறணும். நம்ம உயரத்துல ஊறாத கொட்டை குக்கர்லயும் தோல் தனி, பருப்பு தனியா நிக்கும். எங்க மசாலாப் பொடியை வீட்ல வறுத்து அரைச்சு வெச்சிருப்போம், கடைச் சாம்பார் பொடி போட்டா அது உதக்க ஆகாது. அதனால முதல் நாள் மதியத்துக்குள்ள போன் பண்ணி, எத்தனை பேர்னு சரியா சொல்லுங்க. சொல்லிட்டுப் போகாம இருந்துடாதீங்க, ஊற வெச்ச கொட்டையைத் திரும்பக் காய வைக்க முடியாது.

கேட்கும்போது "படுகா ஸ்பெஷல்"னு பொதுவா கேட்காதீங்க. "அவரை உதக்கையும் ராகி ஹிட்டும் வேணும்"னு பேர் சொல்லிக் கேளுங்க. பேர் தெரிஞ்சவங்களுக்குச் செய்யறதுல ஒரு சந்தோஷம் இருக்கு. ஹிட்டு, அதாவது களி, சூடா இருக்கும்போதே சாப்பிடணும். ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணி, விடாம கிளறி இறக்கினது பதினைஞ்சு நிமிஷத்துல இறுகிடும். சின்னதா கிள்ளி, குழம்புல தோய்ச்சு, மெல்லாம விழுங்கணும். மென்னா பல்லுல ஒட்டும். வயசானவங்களுக்கு நல்லா ஒத்துக்கும். சின்னப் பிள்ளைக்கு ரொம்பச் சின்ன உருண்டையா, நிறையக் குழம்போட கொடுங்க, பக்கத்துலயே இருங்க.

#9 அரவேணு

சுத்தத்தைப் பத்தி யாரும் எழுதலை. குடும்பத்தோட போறவங்க இதைத்தான் முதல்ல பார்க்கணும்.

சுவத்துல உணவுப் பாதுகாப்பு உரிமம் மாட்டியிருக்கணும். 14 இலக்க எண். 1ல ஆரம்பிச்சா உரிமம், 2ல ஆரம்பிச்சா சின்னக் கடைக்கான பதிவு. இரண்டுமே செல்லும். அதுல இருக்கிற பேரும் முகவரியும் இந்தக் கடையோடதா, தேதி முடிஞ்சிருக்கான்னு பாருங்க. எல்லநள்ளி அண்ணா சொன்ன மாதிரி கை மாறின கடைகள்ல பழைய ஆளோட தாளே தொங்கும்.

எண்ணெய்க்கு 2018ல இருந்து ஒரு சட்ட அளவு இருக்கு. திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது அதுல சேர்ற கெட்ட பொருள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாம கருவி எடுத்துட்டுப் போக முடியாது, கண்ணு போதும். பஜ்ஜி போட்டதும் சின்ன நுரை நிறைய எழும்பி அடங்காம நின்னாலும், சூடேறும்போதே புகைஞ்சாலும், நிறம் டிகாக்ஷன் மாதிரி இருந்தாலும் பொரிச்சது எதுவும் வேண்டாம்.

தண்ணி. நீலகிரியில 5 லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பாட்டில் தடை. அதனால கடையில கொடுக்கிற தண்ணியைத்தான் குடிக்கணும். வெந்நீர் கேளுங்க. கொதிக்க வெச்சு இறக்கினதா, பச்சைத் தண்ணியில கொஞ்சம் சுடுதண்ணி கலந்ததான்னு பாருங்க. வெதுவெதுப்பா வந்தா கலந்ததா இருக்கலாம். பிள்ளைக்கு வீட்டுல இருந்து ஸ்டீல் பாட்டில்ல எடுத்துட்டுப் போயிடுங்க.

நான் கடையோட பின்பக்கத்தையும் கட்டாயம் பார்ப்பேன். மிச்சச் சோறும் எலும்பும் திறந்த தொட்டியில கிடந்தா அந்தக் கடைக்குப் போறதில்லை. குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடி ஊருக்குள்ள இறங்குறதுக்கு இந்தக் கழிவு ஒரு காரணம். மூடி போட்ட தொட்டி வெச்சு, தினமும் எடுத்துட்டுப் போற கடைக்கு நம்ம காசு போகட்டும். ராத்திரி 8 மணிக்கு மேல டவுனை விட்டு விலகின கடைக்கு நடந்து போகாதீங்க. காட்டெருமை வளைவுல நின்னா கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது.

#10 கோடப்பமந்து

பிரியாணி விட்டுப்போச்சு, சுருக்கமா சொல்றேன். "தம் எத்தனை மணிக்கு உடைப்பீங்க"ன்னு கேளுங்க. 12 மணின்னு சொன்னா 12.15க்கு இருங்க. சரியா நேரம் சொல்லத் தெரியாத கடையில தம்மே போடலைன்னு வெச்சுக்கலாம். 2.30க்கு மேல கிடைக்கிறது திரும்பச் சூடாக்கினது. நீளமான பிளவு விட்ட அரிசி, அடியில எண்ணெய் தேங்கி நிக்கிறது, இதுதான் அடையாளம்.

#11 எல்லநள்ளி

நம்ம ஊர் பேக்கரிப் பலகாரமான வர்க்கி இல்லாம இந்த இழையை எப்படி முடிக்கிறது. ஊட்டி வர்க்கிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது. அதுக்கப்புறம் எல்லாக் கடையிலயும் அந்தப் பேர்தான். வாங்குற கடையில சுடுறதில்லை, சுடுற பேக்கரி வேற. "எந்த பேக்கரியில இருந்து வருது, இன்னைக்கு வந்ததா"ன்னு கேளுங்க, பதில் வந்தா அந்த பேக்கரிக்கே போயிடுங்க. விறகு அடுப்பு எரியுற இடத்தை மணத்தை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். "மாவு"ன்னு சொல்ற புளிப்புக் கலவையை வெச்சுத்தான் பழைய முறையில பொங்க வைக்கிறது. உடைச்சா அடுக்கு அடுக்கா உதிரணும், உள்ள வெள்ளையா ஈரம் இருக்கக் கூடாது. சிக்குன எண்ணெய் வாசனை வந்தா பழசு. கோயமுத்தூருக்குக் கொடுத்து விடறதா இருந்தா காத்துப் புகாத டப்பாவுல போடுங்க, ஈரக் காத்துப் பட்டா நமத்திடும்.

முதல் தடவை போற கடையில எல்லாத்தையும் வாங்கிப் போடாதீங்க. ஒரு தோசை, சாம்பார், ஒரு டீ. டீ கடைசியா. பாய்லர் பக்கத்துல ஒரே தூளை மறுபடி மறுபடி கொதிக்க விடுறாங்களா, புதுத் தூள் போடுறாங்களான்னு நின்னு பாருங்க. தேயிலை ஊர்ல கசக்குற டீ கொடுக்கிறவங்க சாம்பார்லயும் அப்படித்தான் இருப்பாங்கங்கிறது என் கருத்து.

#12 மாவும்_மலையும்

எல்லநள்ளி ஐயா, ஒரு மறுப்பு. தோசையை வைத்து ஒரு மெஸ்ஸை மதிப்பிட முடியாது. மதியச் சாப்பாடுதான் மெஸ்ஸின் உயிர். அரைச் சாப்பாடு இருந்தால் அதை வாங்கி, ரசத்தை முதலில் தனியாகக் குடித்துப் பாருங்கள். ரசம் காலையில் வைத்து மதியம் வரை கொதித்துக்கொண்டே இருந்தால் கசக்கும். நுரை கட்டியதும் இறக்கியது என்றால் மிளகும் கொத்தமல்லியும் தனித்தனியாக மணக்கும். டிபன் கடைக்குத் தோசை, மெஸ்ஸுக்கு ரசம்.

#13 பெட்போர்டு_புதுசு

சரிங்க, இப்படிப் போட்டிருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க. முதல் வாரம்: குன்னூர் மவுண்ட் ரோடு பக்கம் பின்தெரு மெஸ் ஒண்ணு, புதன் 12.45, அரைச் சாப்பாடு. இரண்டாவது வாரம்: அருவங்காடு பக்கம் டிபன், காலை 8 மணி, ஆளுக்கு இரண்டு இட்லி. மூணாவது வாரம்: கோத்தகிரி, அவரை உதக்க, வெள்ளிக்கிழமை மதியமே போன். நாலாவது வாரம்: கூடலூர், சாயங்காலம் பரோட்டா, அன்னைக்கே திரும்பணும்.

#14 பந்தலூர்வாசி

நாலாவதை மாத்துங்க. ஊட்டி தாண்டி நடுவட்டம் வழியா கூடலூர் 50 கிலோமீட்டர், உங்களுக்குக் குன்னூர்ல இருந்து இன்னும் கூட. பரோட்டா 7 மணிக்குத்தான் சூடாக ஆரம்பிக்கும், பிள்ளையையும் பெரியவங்களையும் வெச்சுகிட்டு அந்த வளைவுல பனிமூட்டத்துல ராத்திரி ஏற வேண்டாம். காலையில கிளம்பி வாங்க. 10 மணிக்குள்ள புட்டும் கடலையும், மதியம் மீன் சாப்பாடு, 3 மணிக்குத் திரும்பிடலாம். பரோட்டாவுக்கு ஒரு ராத்திரி தங்குற மாதிரி வரும்போது பார்த்துக்கலாம்.

#15 பேரட்டி

மூணாவது வாரம் வெள்ளி மதியம் போன் பண்ணறது சரிதான் தங்கச்சி. பெரியவங்களுக்காக உப்பும் காரமும் குறைக்கணும்னா அப்பவே சொல்லிடுங்க. உதக்கைக்கு மசாலா கொதியிலயே சேரும், பரிமாறும்போது சொன்னா ஒண்ணும் செய்ய முடியாது.